உதடு படாத கிளாஸ்

ஆண்டிபட்டித் துப்பறிவாளர் ராஜமணி ஒரு வழக்கை எடுத்துக்கொண்டால் ஆட்டைக்கூட விசாரிக்காமல் விடமாட்டார் என்று ஊரில் பேச்சு. பேச்சு என்ன பேச்சு, நடந்ததே அதுதான். போன சித்திரையில் ஒரு கிடையில் கிடாய் காணாமல் போனபோது மற்ற ஆடுகளை ஒவ்வொன்றாக மறைவுக்குக் கூட்டிப்போய் விசாரித்தார். அதில் இரண்டு ஆடுகள் முன்னுக்குப் பின் முரணாகக் கத்தின. பொழுது சாய்வதற்குள் திருடன் அகப்பட்டான். கூடவே நின்று பார்த்த உதவியாளன் அம்மாவாசி, அதைப் பற்றி யார் கேட்டாலும், "ஆடு பொய் சொல்லாதுன்னு நம்பியிருந்தேன். அன்னிக்குத்தான் மனசு விட்டுப்போச்சு" என்பான்.

அப்பேர்ப்பட்ட ராஜமணி 1934-ஆம் வருடம் மார்கழி மாதம் தேனிச் சந்தையில் மிளகாய் வத்தலைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு பெண் வந்து அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் ஒரு பித்தளைச் செம்பு. குரல் மயிலாடும்பாறைக் குரல். அங்கே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் பக்கத்து ஊரில் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஐயா, என் புருஷனைத் தூண்ல கட்டிப் போட்டிருக்காக. சாயங்கால பஸ்ல பெரியகுளத்து இன்ஸ்பெக்டர் வர்றாகளாம். வந்தா வெலங்கை மாட்டிக் கொண்டுபோயிருவாக. அதுக்குள்ள நீக வந்து பாக்கணும்."

"என்னத்தைத் திருடினாரு?" என்றான் அம்மாவாசி.

"திருடலைன்னுதான உங்களைக் கூப்பிடுறேன். திருடியிருந்தா வக்கீலையில்ல கூப்பிட்டிருப்பேன்."

ராஜமணி மிளகாயைக் கீழே போட்டார். அவருக்கு இந்த மாதிரி தெளிவான ஆட்களைப் பிடிக்கும்.

அவள் பெயர் மொக்கம்மாள். புருஷன் கருத்தக்கண்ணன், துரைமார் வந்து தங்கும் பங்களாவில் பரிமாறுகிறவன். குருசாமி முதலாளியின் பருத்திக் கிட்டங்கியில் நேற்றிலிருந்து வைன் கண்காட்சி நடக்கிறது, பாட்டில் திறந்து ஊற்றிக் கொடுக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள், அங்கேதான் இந்த வினை. நடந்துகொண்டே அவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, கேட்காததையும் சொன்னாள்.

"அந்த மனுசனுக்குத் திருடத் தெரியாதுங்க. சட்டியில கெடக்குற கருவாட்டை எடுத்துத் தின்னாக்கூட, முள்ளை மீசையில ஒட்டிக்கிட்டு வந்து எதுக்க நிப்பாரு. அவருகிட்ட இருக்குற ஒரே குத்தம் பஸ்ராவுக்குச் சண்டைக்குப் போனது. பட்டாளத்துல குவளையில குடிச்சுப் பழகி, வந்த நாள்லருந்து செம்பை வாயில வச்சு உறிஞ்சுறாரு. பொழங்குற செம்பையெல்லாம் எச்சி பண்ணுனா ஒரு பொம்பளை எப்படிக் குடும்பம் நடத்துறது? தனியா ஒரு தகர லோட்டா குடுத்துக் கொல்லைப்பக்கம் வச்சிருக்கேன். அவருக்குத் தண்ணி அதுலதான்."

"சண்டையில நெறைய எதிரிகளைச் சாச்சாரா அக்கா?"

"சமையக்கட்டுல இருந்தாரு."

"அப்ப நம்ம ஆளுகதான் செத்திருப்பாக" என்றான் அம்மாவாசி.

கிட்டங்கி வாசலில் சிவப்புத் துணியில் 'இத்தாலி தேசத்து வைன் கண்காட்சி' என்று எழுதித் தொங்கியது. அதற்கு நேர் மேலே, சுவரில் நிரந்தரமாக, 'மதுவிலக்குச் சங்கம், தேனி. தலைவர்: குருசாமி' என்று ஒரு பலகை. பருத்தி வரத்து இல்லாத மாதம். கிட்டங்கியைச் சும்மா பூட்டி வைப்பானேன் என்று வாடகைக்கு விட்டிருந்தார் தலைவர். குடிக்கிறவர்கள் யார் யார் என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் விட்டதாகச் சங்கத்தில் சொல்லியிருந்தார். சங்கமும் நம்பியது. சங்கத்துக்கு இருந்ததே அந்த ஒரு வேலைதான்.

உள்ளே நீளமான மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் பாட்டில்கள் நின்றன. கியாந்தி என்று ஒரு வகை, வைக்கோல் கூடைக்குள் உட்கார்ந்திருந்தது, தூக்கணாங்குருவி குடியேறின மாதிரி. வெர்மூத் இருந்தது. அஸ்தி இருந்தது, அது திறந்தால் நுரைக்கும். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஒரு பித்தளைப் படிக்கம். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, கண்ணை மூடி யோசித்து, படிக்கத்தில் துப்ப வேண்டும். அதுதான் இத்தாலி முறை.

"ஏண்ணே, துப்புறதுக்கா கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தாக?"

"ருசி பாக்குறதுக்குடா."

"எங்க வீட்டுக் கொழம்பை நான் இப்படித்தான் துப்புறேன். அதுக்காக என் பொண்டாட்டி கண்காட்சி வைக்கலையே."

பருத்தி மூட்டை எடை போடுகிற தூணில் கருத்தக்கண்ணன் கட்டுண்டு நின்றான். வெள்ளைச் சட்டை, சிவப்புப் பட்டை, மீசை எல்லாம் ஒழுங்காக இருந்தன. கட்டிப்போட்ட நிலையிலும், யாராவது கேட்டால் ஊற்றிக் கொடுக்கத் தயார் என்கிற மாதிரி நின்றான். மொக்கம்மாளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

வைன்களின் சொந்தக்காரர் ரினால்டி துரை முக்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறப்பு இத்தாலி. பிழைப்பு கொச்சி. மிளகு வாங்க வந்தவர் அங்கேயே வருடக்கணக்கில் தங்கி மலையாளத்தில் பேசி, மலையாளத்தில் கோபித்து, இப்போது இத்தாலிய மொழியில் கனவாவது காண்கிறாரா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஆகிவிட்டார்.

"என்டெ பரோலோ போயி" என்றார் ராஜமணியிடம். "எல்லாம் போயி."

மலையாளமும் தமிழுமாக அவர் சொன்னது இதுதான். பரோலோ என்பது கண்காட்சியின் ராஜா. ஒரே ஒரு பாட்டில், வயசானது. மலைமேல் தோட்டத்துத் துரைமாருக்கெல்லாம் பெரியவரான வில்மட் துரை இன்று சாயங்காலம் அதை ருசி பார்ப்பதாக ஏற்பாடு. அவர் தலையை ஆட்டினால் கிறிஸ்துமஸுக்கு எல்லாத் தோட்டத்துக்கும் ரினால்டி சரக்குதான். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கடைசியாக வெளியே வந்த ரினால்டி, சாவியைக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னார். சாப்பிட்டு வந்து திறந்தால் பரோலோ பாட்டில் காலி. பக்கத்தில் அழுக்கான ஒரு கிளாஸ்.

"சாவி இவன்கிட்ட" என்று இடைமறித்தார் வில்மட் துரை. திருடு போன சேதி கேட்டு முன்னதாகவே வந்து, கியாந்தியில் ஒரு கிளாஸும் ருசி பார்த்துவிட்டிருந்தார். தோட்டத்துக் கூலிகளை அதட்டிக் கற்ற தமிழ் அவருடையது, எல்லா வாக்கியமும் விசில் ஊதினதும் வேலைக்குப் போகிற மாதிரி இருக்கும். "இவன் குடிச்சான். நமக்குத் தெரியும்." காலிப் பாட்டிலை எடுத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "ஆகா. இந்த வாசம் லண்டன்ல இல்லை. ரோமாபுரி ராஜா குடிக்கிற சாதி. திருட்டுப் பயலுக்கு நல்ல நாக்கு."

ரினால்டி துரை அப்போது ஏனோ கூரையைப் பார்த்தார்.

அம்மாவாசி இதற்குள் புலன்விசாரணையைத் தொடங்கிவிட்டான். மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு வாய். படிக்கத்துக்கு வேலையே வைக்கவில்லை.

"இது புளிக்குது" என்றான். "இதுவும் புளிக்குது. இது புளிச்சுக்கிட்டே மூக்குல ஏறுது." கடைசியில் பரோலோ கிளாஸின் அடியில் கிடந்த நாலு சொட்டை நாக்கில் விட்டு முகத்தைச் சுருக்கினான். "அய்ய. இது எல்லாத்துக்கும் மூத்த புளிப்பு. மாங்காயை நறுக்கிப் போட்டா ஊறுகா."

"ஏலே, சாட்சியத்தை நக்காத" என்றார் ராஜமணி.

"அவனு எந்தறியாம், அவனுக்கு என்னா தெரியும்" என்று ரினால்டி சிரித்தார். கொஞ்சம் அவசரமான சிரிப்பு.

ராஜமணி அந்தக் கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மேஜையில் கிடந்த மற்ற கிளாஸ்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஒன்றின் விளிம்பில் வில்மட் துரையின் மீசை மெழுகு. ஒன்றில் ஏதோ துரைசாணியின் உதட்டுச் சாயம். ஒன்றில் ஏலக்காய் வியாபாரி யாரோ விட்டுப்போன வெற்றிலைக் காவி. எதை எடுத்தாலும் ஒரு வாயின் அடையாளம் இருந்தது.

"இதுல மட்டும் உதடே படலை" என்றார். "வைன் மட்டும் ஒரே கோடா விளிம்பைத் தாண்டி வெளிய வந்திருக்கு."

"உதடு இல்லாதவன் குடிச்சிருக்கானா? அப்ப பேய்தாண்ணே. வாங்க போவோம்."

"பேய் இல்லடா. அண்ணாந்து குடிச்சிருக்கான்."

ராஜமணி மொக்கம்மாளின் செம்பைக் காட்டி, "இந்தத் தண்ணியை உம் புருஷனுக்குக் குடு ஆத்தா" என்றார்.

"இது வீட்டுச் செம்புங்க."

"அதனாலதான் கேக்குறேன்."

அவள் வேண்டாவெறுப்பாக நீட்டினாள். ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். மத்தியானத்திலிருந்து தொண்டை காய்ந்து நின்ற கருத்தக்கண்ணன், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல், செம்பை மீசையோடு சேர்த்து வாயில் கவிழ்த்து உறிஞ்சினான். சத்தம் பின்சுவரில் மோதித் திரும்பியது.

"பாத்தீகளா" என்று மொக்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நாலு பேரு முன்னால மானம் போச்சு."

"மானம் போகலை ஆத்தா. இப்பத்தான் திரும்பி வந்துக்கிட்டிருக்கு. அண்ணாந்து குடிக்கிறதையே மறந்துபோன ஆளு இந்தக் கிளாஸ்ல குடிக்கலை."

வில்மட் துரை ஒப்பவில்லை. "இந்த நாட்டுல எல்லாரும் அண்ணாந்து குடிக்கிற ஆள். எவன்னு எப்படித் தெரியும்? நம்மையும் ரினால்டியையும் தவிர எவனும் இருக்கலாம்."

"நல்ல யோசனை சொன்னீக தொரை" என்றார் ராஜமணி, மிகவும் பணிவாக. அவர் பணிவாகப் பேசினால் அம்மாவாசி ஓர் அடி தள்ளி நிற்பான். ஆடுகளிடமும் அவர் அப்படித்தான் பேசினார்.

பின்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ராஜமணி எட்டிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே கழுநீர்த் தொட்டி. பக்கத்தில் ஓர் எருமை, தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டில் அவமானப்பட்ட மாதிரி நின்றது.

"அது நம்ம எருமைதான்" என்று அருகில் வந்து நின்றார் குருசாமி முதலாளி. "மத்தியானத்துல இருந்து சீக்கு. கழுநீரை மோந்து பாக்குது, மூஞ்சியைத் திருப்பிக்கிருது. வைத்தியருக்கு ஆள் விட்டிருக்கேன்."

ராஜமணி எருமையைப் பார்க்கவில்லை. முதலாளியின் இடுப்பைப் பார்த்தார். அரைஞாணில் ஒரு சாவிக்கொத்து.

"கிட்டங்கிக்கு ரெண்டாவது சாவி இதுல இருக்கா முதலாளி?"

முதலாளிக்குத் திடீரென்று வேர்த்தது. ராஜமணி செம்பை நீட்டினார். பாவம், முதலாளி கலக்கத்தில் யோசிக்காமல் வாங்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் எல்லோரும் தன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தான்" என்று அம்மாவாசி கையைத் தட்டினான். "சாவி இருக்கு, தொண்டை இருக்கு. பலகையைக் கழட்டிரலாமா முதலாளி?"

"நான் பரோலோவைத் தொடலை" என்றார் குருசாமி. குரல் எருமையின் காதுக்குக்கூட எட்டாது. "உள்ள வந்தேன், அது உண்மை. எல்லாரும் இலையில உக்காந்ததும் வந்தேன். வர்ற வாரம் சங்கத்துல பேசணும். எதிரியைப் பத்தித் தெரியாம எப்படிப் பேசுறது? அந்தா அந்த வெர்மூத்துல ஒரு மடக்கு. சந்தேகம் தீரலை, இன்னொரு மடக்கு. அப்பவே பரோலோ காலியாத்தான் கெடந்துச்சு."

"எதிரியை விழுங்கிட்டீக" என்றான் அம்மாவாசி.

மொக்கம்மாள் முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். "அது காலியாக் கெடந்ததைப் பாத்துட்டும் இம்புட்டு நேரம் வாயைத் தொறக்கலையே மொதலாளி. உங்க தலைவர் பதவிக்கு என் புருஷன் தூண்ல நிக்கணுமோ?"

மதுவிலக்குச் சங்கத் தலைவர் சாவிக்கொத்தை வேட்டி மடிப்புக்குள் செருகினார்.

"பொய், பொய்" என்றார் வில்மட் துரை. "இவன் குடிச்சான். அல்லது அவன் குடிச்சான்."

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பஸ் வரும் நேரம் நெருங்கியது. அம்மாவாசிக்கு உள்ளுக்குள் பதறியது. முதலாளி சொல்வது உண்மையென்றால் வழக்கு மறுபடியும் கருத்தக்கண்ணன் கையில் கொடுத்த சாவியில் போய் நிற்கும். இன்ஸ்பெக்டருக்கு உதடும் கிளாஸும் புரியுமா? விலங்குக்குச் சாவி எது என்பது மட்டும்தான் புரியும். அவன் ராஜமணியைப் பார்த்தான். ராஜமணி சட்டைப் பையைத் தடவினார்.

"ஏலே, முருகம்மா கடைக்குப் போயி மொளகா பஜ்ஜி வாங்கிட்டு வா. எல்லாருக்கும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது முருகம்மாள் கடை. அவள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு மதுரை பஸ் ஏறின ஒருவர் உசிலம்பட்டி வரைக்கும் வாயை மூட முடியாமல் காற்று வாங்கிக்கொண்டே போனார் என்பதும், அந்த மூச்சுச் சூட்டில் முன்சீட்டுக்காரர் பீடி பற்றவைத்தார் என்பதும் ஊரறிந்த சங்கதி. அம்மாவாசி ஒரு பொட்டலம் நிறைய வாங்கிவந்து, மொக்கம்மாளின் செம்பையும் நிரப்பி வைத்தான். ராஜமணி தன் கையாலேயே இரண்டு துரைமாருக்கும் கொடுத்தார்.

"இது எங்க ஊரு ருசி பாக்குறது. ஆனா துப்பக் கூடாது."

மரியாதைக்காக இருவரும் கடித்தார்கள். வில்மட் துரையின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வேறு ஒரு நிறத்துக்குப் போனது. கண்ணீர் விட்டபடி அருகிலிருந்த கிளாஸில் தண்ணீர் ஊற்றி, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கௌரவம் குறையாமல், உதட்டில் வைத்துச் சிறுசிறு மடக்காகக் குடித்தார்.

ரினால்டி துரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "வெள்ளம், வெள்ளம்" என்று மலையாளத்தில் தண்ணீர் கேட்டு, செம்பைப் பிடுங்கி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டார். தண்ணீர் கயிறு மாதிரி இறங்கியது. கழுத்து டையில் ஒரு சொட்டு விழவில்லை. செம்பில் உதடு படவில்லை. பிறவியிலேயே கொச்சிக்காரனாக இருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வராது.

செம்பைக் கீழே வைத்த பிறகுதான், அதன் விளிம்பை ராஜமணி விரலால் தடவிப் பார்ப்பதைக் கண்டார்.

"நல்லாக் குடிக்கிறீக தொரை" என்றார் ராஜமணி. "எந்தெந்தத் தொண்டைன்னு எண்ணும்போது உங்க தொண்டையை மட்டும் யாரும் எண்ணலை. வெள்ளைக்காரத் தொண்டை உதட்டுல வச்சுத்தான் குடிக்கும்னு வில்மட் தொரை சர்ட்டிபிகேட் குடுத்தாக. அது கொச்சிக்குப் போயி வருசம் பலவாச்சுன்னு மறந்துட்டாக."

"அவரு பாட்டிலை அவரே எதுக்குண்ணே திருடணும்?" என்றான் அம்மாவாசி.

"நீதான அதைச் சொன்ன. எல்லாம் புளிப்பு, இது மட்டும் மூத்த புளிப்பு, ஊறுகா போடலாம்னு. நீ எல்லாத்தையும் புளிப்புன்னதால ஒருத்தரும் காதுல வாங்கலை. இந்தக் கண்காட்சியில உண்மையைச் சொன்ன நாக்கு ரெண்டே ரெண்டு. ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு ஜன்னலுக்கு அங்கிட்டு நிக்குது."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். எருமை அசைபோட்டது.

"எருமைக்குச் சீக்கு இல்லை முதலாளி. கழுநீர்ல பாட்டில் நெறையப் புளிச்சுக் காடியாப் போன வைன் விழுந்தா எந்த எருமை குடிக்கும்? சாயங்காலம் பெரிய தொரை குடிக்கப்போற சரக்காச்சேன்னு, எல்லாரும் சாப்பிடப் போனதும் ரினால்டி தொரை ஒரு வாய் ஊத்திப் பாத்திருக்காக. அவசரத்துல கையும் வாயும் வீட்டுப் பழக்கத்துக்குப் போயிருச்சு. ராஜா புளிச்சுப்போனாரு. அதை மேஜைக்குக் கொண்டாந்தா மத்த பாட்டிலை எவன் வாங்குவான்? ஜன்னல் வழியாக் கொட்டிட்டு, கிளாஸைப் பக்கத்துல வச்சுட்டு, சாவியை ஒரு ஏழை கையில குடுத்துட்டு இலைக்கு வந்துட்டாக. புளிச்ச வைனுன்னா கெட்ட பேரு. திருடு போன வைனுன்னா பேரும் புகழும்."

ரினால்டி முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "கொச்சியிலெ சூடு" என்றார் தரையைப் பார்த்து. "தக்கை உணங்கி, காஞ்சு போயி. ஞான் எந்து செய்யும்?"

"காடியா?" என்றார் வில்மட் துரை. "நான் மோந்தேன். நல்ல வாசம்."

"ஆமா தொரை" என்றான் அம்மாவாசி. "ரோமாபுரி ராஜா வீட்டு ஊறுகா."

ராஜமணி தூணைக் காட்டினார். "கட்டச் சொன்னது நீக. அவுக்கவும் நீகதான் அவுக்கணும்." ரினால்டி எழுந்து போய்த் தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். கயிறு கீழே விழுந்ததும், "ஷெமிக்கணும்" என்று கையைக் கூப்பினார். கருத்தக்கண்ணன், பழக்க தோஷம், "வேற எதும் வேணுமா தொரை?" என்று கேட்டான்.

பஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் விலங்கோடு இறங்கி உள்ளே வந்து, யாருக்கு என்று கேட்டார். மதுவிலக்குத் தலைவர் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தாலி ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. வில்மட் துரை காலிப் பாட்டிலைக் கடைசியாக ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, நம்பாமல், காரில் ஏறினார்.

"வழக்கு எருமையோட முடிஞ்சிருச்சுங்க" என்று ராஜமணி ஒரு பஜ்ஜியை நீட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் மொக்கம்மாள் செம்பை நிரப்பிப் புருஷனிடம் கொடுத்தாள். அவன் அவளை ஒரு தரம் பார்த்தான். என்ன நினைத்தானோ, பட்டாளத்திலிருந்து வந்த பிறகு முதல் முறையாகத் தலையைப் பின்னால் சாய்த்து, செம்பை உயர்த்தி ஊற்றினான். பாதி மூக்கில் போயிற்று. மீதி சட்டையையும் சிவப்புப் பட்டையையும் நனைத்தது. இருமி இருமிக் கண்ணீர் வந்துவிட்டது.

"உங்களுக்கு வராததை எதுக்குச் செய்யுறீக?" என்றாள் அவள். "வாயில வச்சே குடிங்க. அதுதான இன்னிக்கு உங்களை வீட்டுக்குக் கொண்டாருது."

அவன் வாயில் வைத்து உறிஞ்சினான். அதே சத்தம். அவள் இந்த முறை முகத்தை மூடவில்லை. அவன் குடித்து முடித்ததும் செம்பை வாங்கி, அடியில் இருந்த தண்ணீரைத் தானும் குடித்தாள்.

அண்ணாந்துதான் குடித்தாள். ஆனால் செம்பைக் கழுவவில்லை.